அளவெடுக்காமல் தைத்த சட்டை

தையற்கடைக்குப் போகிறோம். துணியைக் கொடுத்ததும் தையற்காரர் என்ன செய்கிறார்? நாடாவை எடுக்கிறார். தோளை அளக்கிறார், கழுத்தை அளக்கிறார், கையை அளக்கிறார், காதிலே செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்கிறார். "ஊரிலே எல்லோருக்கும் முப்பத்தாறு அங்குலந்தான்; உமக்கும் அதுவே போதும்" என்று சொல்லுகிற தையற்காரரிடம் இரண்டாம் முறை போவோமா? போகமாட்டோம். போனாலும் துணியைத் திருப்பி வாங்கத்தான் போவோம்!

சட்டைக்கே அளவு கேட்கிறோம், தோழர்களே. வயிற்றிலே பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையிலே காத்திருக்கிறாளே, அந்தத் தாய்க்கு அளவு வேண்டாமா?

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பருத்திக் காட்டிலே குனிந்து குனிந்து பஞ்செடுத்து, ஏழாவது மாதத்திலும் கூலிக்குப் போகிற ஒருத்தி. அரியலூர்ச் சிமெண்டு ஆலைத் தொழிலாளியின் மனைவி, தலைப்பிரசவக்காரி, இன்னொருத்தி. முன்னவளுக்கு இரத்தத்திலே ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்கும் கீழே. பின்னவளுக்குப் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. இருவருக்கும் ஒரே அட்டை மாத்திரை, ஒரே அறிவுரை, ஒரே "அடுத்த மாதம் வாம்மா" என்றால், அது வைத்தியமா? பின்னவளுக்கு மாத்திரை போதும். முன்னவளுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். பேறுகாலம் நெருங்கிவிட்டால் இரத்தமே ஏற்ற வேண்டும். இதே மாத்திரையை டீயோடு விழுங்குகிறவள் ஒருத்தி. டீ இரும்பை உடலிலே சேரவிடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றிலே கொக்கிப்புழு குடியிருக்க, எத்தனை மாத்திரை தின்றும் தேறாதவள் ஒருத்தி. பிறவியிலேயே இரத்த அணுவில் கோளாறு உள்ளவள் இன்னும் ஒருத்தி. இரும்பைக் கொட்டினாலும் அவளுக்கு ஏறாது. நோயின் பெயர் ஒன்று, சோகை. ஆட்களோ ஐந்து விதம்!

இது ஏதோ எங்கோ நடக்கிற சங்கதி அன்று. 2019 முதல் 2021 வரை இந்திய அரசு எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே கருவுற்ற தாய்மாரில் நூற்றுக்கு 48 பேர் சோகைக்காரர்கள். பாதிக்குப் பாதி! சத்துணவு தந்த நாடு, பொதுவிநியோகத்தில் முன்னே நிற்கிற நாடு என்று நாம் மார்தட்டுவது நியாயமே. ஆனால் தட்டுகிற மார்புக்குக் கீழே இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆளுக்கு ஆள் பார்த்துச் செய்கிற வைத்தியம் என்பதை இன்று மேல்நாட்டார் பெரிய விஞ்ஞானமாகப் பேசுகிறார்கள். பேசட்டும், பெருமைக்குரியதுதான். 2025-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையிலே, உடலில் சேரும் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய பிறவி நோயோடு பிறந்த ஒரே ஒரு பச்சிளம் குழந்தைக்காக, அந்தக் குழந்தையின் மரபணுப் பிழையைத் திருத்தவென்றே ஒரு மருந்தை ஆறு மாதத்திலே செய்து முடித்தார்கள். வேறு எந்தக் குழந்தைக்கும் உதவாத மருந்து, அந்த ஒரு குழந்தைக்கே உரிய மருந்து. மனிதனின் அறிவு எட்டிய உயரத்தைப் பார்த்து மகிழ்கிறோம். பிள்ளைக்கு வந்த நோயைப் பூர்வஜென்மப் பலன் என்று சொல்லிவிட்டுப் படுக்காமல், பிழை எங்கே என்று தேடிப் பிடித்தார்களே, அதுதான் பகுத்தறிவு!

ஆனால் ஒரு கேள்வி. ஆளுக்கு ஆள் வைத்தியம் என்பது உண்மையிலேயே புதியதா? பணக்காரன் வீட்டில் எப்போதும் அதுதானே நடந்தது! குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருப்பார். அம்மாவுக்கு எது ஒத்துக்கொள்ளாது, பாட்டிக்குச் சர்க்கரை உண்டா, முதல் பிள்ளை எத்தனை ராத்தல், எல்லாம் அவர் நினைவிலே இருக்கும். ஏழைக்குத்தான் வரிசை, வில்லை, "அடுத்தது யார்?" என்கிற குரல். தனிக் கவனிப்பு என்பது நேற்றுவரை தனம் உள்ளவனின் கவனிப்பு. அதை ஏழையின் குடிசைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியாது என்பார்கள் மேதாவிகள். "இத்தனை இலட்சம் பிரசவம், ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கா? கஜானா தாங்குமா?" என்பார்கள். தாங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. இரண்டைச் சொல்லுகிறோம்.

ஒன்று, சர்க்கரைச் சோதனை. கருவுற்ற காலத்தில் வருகிற சர்க்கரை நோய் தாயையும் கெடுக்கும், பிள்ளையையும் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க உலகம் சொன்ன வழி என்ன? இரவெல்லாம் பட்டினி கிடந்து, வெறும் வயிற்றோடு காலையிலே வந்து, இரத்தம் கொடுத்து, இனிப்பு நீர் குடித்து, மறுபடி மறுபடி இரத்தம் கொடுப்பது. மாடிவீட்டு அம்மையார் காரிலே வந்து செய்துகொள்ளலாம். ஆண்டிமடத்து முந்திரிக் காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கர்ப்பிணி வெறும் வயிற்றோடு வந்தால் மயங்கி விழுவாள். சாப்பிட்டுவிட்டு வந்தால் "நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்கு அவள் வரமாட்டாள், கூலி போய்விடும். சென்னை மருத்துவர் வீ. சேஷையா இதை யோசித்தார். சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் பார். 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று கொள் என்று ஒரு முறையை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் முன்வைத்தார்கள். 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க ஆணையிட்டது. பின்னர் இந்திய அரசே அந்த முறையை நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டது. பாருங்கள் தோழர்களே, பெண்ணைச் சோதனைக்கு ஏற்ப வளைக்கவில்லை. சோதனையைப் பெண்ணுக்கு ஏற்ப வளைத்தார்கள்!

மற்றொன்று இதைவிட எளியது. வெறும் தராசு! 1980-இல், உலக வங்கிக் கடனுதவியோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். யார் ஆட்சியில் என்று கேட்காதீர்கள். நல்லது எவர் செய்தாலும் நல்லதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. எடை ஏறவேண்டிய அளவு ஏறினால் சரி. ஏறவில்லையா? அந்தக் குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்தம், மீண்டும் சரிந்தால் மீண்டும் தொடக்கம். எல்லோருக்கும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுக் கணக்கெழுதுகிற வேலை அன்று. எந்தக் குழந்தை, எந்த மாதம், எவ்வளவு என்று பார்த்த வேலை. பிலடெல்பியாவில் செய்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அங்கே மரபணு, இங்கே தராசு, அவ்வளவுதான் வேற்றுமை.

அந்தத் தராசு நம் மாவட்டத்துக்கு வந்த கதைக்கு வருகிறோம். 2024 நவம்பர் 15 அன்று, அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலே, 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2022-இல் உதகையில் தொடங்கிய முதற்கட்டத்திலே, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைச் சலித்தெடுத்து, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைத் தனியே பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற உணவும் மருந்தும் கொடுத்தார்கள். நூற்றுக்கு 77 பேர் தேறினார்கள் என்று அரசு கணக்குச் சொன்னது. இரண்டாம் கட்டம் இன்னும் நுட்பமானது. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தை மெலிந்திருந்தால் அதற்கு எதைக் கொடுப்பது? தாய்ப்பாலன்றி வேறு எதுவும் கொடுக்கலாகாதே! ஆகவே, பிள்ளையின் நோய்க்குத் தாய்க்கு மருந்து. 76,705 தாய்மாருக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச் சத்து மருந்து அடங்கிய பெட்டகம். இதுதான் அளவெடுத்துத் தைக்கிற சட்டை!

வாரணவாசி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கேதான் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமி கடலடியில் கிடந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சலும் நத்தையும் மக்கித்தான் இன்றைய சுண்ணாம்புக் கல். சுண்ணாம்பு என்பது கால்சியம். அதை வெட்டி, லாரி லாரியாக ஏற்றி, சிமெண்டாக்கி, நாடெங்கும் மாளிகை எழுப்புகிறார்கள். அந்த லாரிப் புழுதியைச் சுவாசித்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு, எலும்பிலே கால்சியம் இல்லையென்று மாத்திரை எழுதுகிறார் டாக்டர்! பூமிக்குள் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பூமியின் மகளுக்குள் இல்லை.

அரியலூர் என்றால் பழைய தோழர்களுக்கு இன்னொரு நினைவும் வரும். 1956 நவம்பர் 23. மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே நடுங்கியது. ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பண்பான செயல், மறுக்கவில்லை. இப்போது ஒரு கணக்கைக் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டில் இந்தியாவிலே பேறுகாலத்தால் மாண்ட தாய்மார் ஏறத்தாழ 19,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து சொன்ன மதிப்பீடு. நாளொன்றுக்கு 52 பேர். அதாவது, மூன்று நாளைக்கு ஒருமுறை ஓர் அரியலூர் ரயில்! எந்த அமைச்சர் விலகினார்? எந்தப் பத்திரிகை எட்டுக் காலத் தலைப்புப் போட்டது? ஒரே ஆற்றில் ஒரே இரவில் விழுந்தால் விபத்து. ஊருக்கு ஒருத்தியாக, வீட்டுக்கு ஒருத்தியாக விழுந்தால், "அவள் விதி!" என்பார்கள்.

விதி என்றார்கள் அவர்கள். விசாரணை என்றது தமிழ்நாடு. ஒரு தாய் இறந்தால், எப்போது வலி எடுத்தது, எப்போது வண்டி வந்தது, எங்கே அனுப்பினார்கள், அங்கே இரத்தம் இருந்ததா என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் கேட்டு எழுதி, மாவட்ட ஆட்சியர் முன்னே வைத்து ஆராய்கிற முறையை இந்தியாவிலே முன்னோடியாக 1990களிலிருந்து வளர்த்தெடுத்தது நம் மாநிலம். பலன் இல்லாமற் போகவில்லை. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில், இலட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆனால் கேரளத்திலே 19! அண்டை வீடு. அதே மழை, அதே மீன், அதே அரிசி. 54-ஐக் காட்டி மகிழ்கிறவர்கள் 19-ஐயும் பார்க்க வேண்டும். வடக்கைப் பார்த்துத் திருப்தி அடைகிற வழக்கத்தைச் சற்று மேற்கே திருப்பிக்கொள்வது நல்லது.

சரி, எங்கே தடுக்கிறது? நம் கண்ணில் படுகிற இரண்டொன்றைச் சொல்லாமல் விடமாட்டோம். நம்மவர்க்கே கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் படிக்கிற கல்லூரியில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, சட்டமன்றத்திலே தேவதாசி முறைக்கு எதிராக முழங்கிய அம்மையார் அவர். பொருத்தமான பெயர். 2006-இல் கலைஞர் ஆட்சியில் 6,000 ரூபாயாக உயர்ந்த உதவி, 2011-இல் 12,000 ஆகி, 2018-இல் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆயிற்று. ஆனால் அந்தத் திட்டத்தின் விதி என்ன சொல்கிறது? தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டுமே. இளவயது மணத்தைத் தடுக்கவும், குடும்பம் பெருகாதிருக்கவும் வைத்த விதி என்பார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் மருத்துவரைக் கேளுங்கள்: யாருக்கு ஆபத்து அதிகம்? பதினேழு வயதுச் சிறுமிக்கு. இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத பிள்ளை வயிற்றிலே பிள்ளை. அடுத்தபடி யாருக்கு? மூன்றாவது, நான்காவது பேற்றுக்கு வருகிற, உடம்பு ஓய்ந்த தாய்க்கு. எவருக்கு ஆபத்து மிகுதியோ அவருக்கே உதவி இல்லை! தாலி கட்டியவன் குற்றத்துக்குக் கட்டப்பட்டவளின் கஞ்சியை நிறுத்துவதா? கட்டியவனையும் கட்டிவைத்தவர்களையும் சட்டம் பிடிக்கட்டும். அவள் தட்டில் கைவைக்க வேண்டாம். குறைந்தது அந்தச் சத்துப் பெட்டகத்தையாவது வயது பாராமல், எண்ணிக்கை பாராமல் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கிலே, ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் பெண் குழந்தைகள் 943. அரியலூர் மாவட்டத்தில் எத்தனை தெரியுமா? 897. எங்கே போனார்கள் அந்தப் பெண்கள்? ரயிலிலா போனார்கள்? வயிற்றிலேயே கணக்குத் தீர்க்கப்பட்டார்கள். கருவின் கோளாறு அறிய விஞ்ஞானம் தந்த ஸ்கேன் கருவியைக் கொண்டு, ஆணா பெண்ணா என்று பார்த்து, பெண் என்றால் அழிப்பது! 1994-இலேயே சட்டம் வந்து தடுத்தும், திருட்டுத்தனமாக அது நடந்தது. ஆளுக்கு ஆள் வைத்தியம் என்கிறோமே, அதற்கு இப்படியும் ஒரு பேய் முகம் உண்டு என்பதை மறைக்கலாகாது. கருவியிலே குற்றம் இல்லை. காணுகிற கண்ணிலே குற்றம். தோழர்களே, இதை அரசு மட்டும் தீர்க்காது. மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டிலே மருமகளிடம் "ஆண் பிள்ளைதானே?" என்று கேட்கிற மாமனார் நம் கிளைக் கழகத்தில் இருந்தாலும் அவரை நாம் கேட்டாக வேண்டும். பெரியார் பெயரைச் சொல்லுகிற வாய்க்கு அந்தக் கேள்வி ஒட்டாது.

டாக்டர்கள் விஷயம். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். செந்துறைப் பக்கத்துக் குழுமூர் மகள், பன்னிரண்டாம் வகுப்பிலே 1,200-க்கு 1,176 வாங்கியும், நீட் என்கிற சுவருக்கு முன்னே டாக்டராக முடியாமற்போக, 2017 செப்டம்பர் முதல் நாள் நாம் இழந்த செல்வம். அவள் டாக்டராகியிருந்தால் அரியலூர்த் தாய்க்கு அரியலூர்ப் பேச்சிலேயே வைத்தியம் சொல்லியிருப்பாள். தாயின் சொல்லைப் புரிந்துகொள்ளாதவன் தாயின் நோயை எப்படிப் புரிந்துகொள்வான்?

கிராமத்து நிலையத்திலே பணி செய்கிற அரசு மருத்துவருக்கு மேற்படிப்பில் தனி இடம் என்று தமிழ்நாடு பல காலம் வைத்திருந்தது. அதனால்தான் சிறு ஊர்களுக்கும் பிரசவ நிபுணர், குழந்தை நிபுணர் வந்தார்கள். அந்த உரிமை இடையிலே பறிபோனது. 2020 ஆகஸ்டு 31 அன்று உச்சநீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்த பிறகே மூச்சு வந்தது. மேற்படிப்பு இடம் என்பது டாக்டரின் சலுகை என்று நினைக்கிறோம். அல்ல, நள்ளிரவில் உதிரம் பெருகிக் கிடக்கிற தாயின் உரிமை அது. பேறு முடிந்து உதிரம் பெருகினால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். பெரம்பலூருக்கு அந்த 2022-இல் கல்லூரி கிடைக்கவில்லை. அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறவள் ஒருத்தி உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர். ஏழையின் குடும்ப டாக்டர் அவள்தான். ஐயாயிரம் பேருக்கு ஒருத்தி என்பது ஏட்டுக் கணக்கு. யாருக்கு நெகடிவ் இரத்தம், யாருக்குப் பிரசவம் முடிந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு ஊசி போட வேண்டும், யார் 145 சென்டிமீட்டருக்குக் குட்டை, யாருக்குப் போன முறை சிசேரியன், எல்லாம் அவள் தலைக்குள்ளே. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண், அந்த எண்ணின்மேல் எல்லா விவரமும் கணினியில் ஏறுகிறது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியவளின் பொழுதைக் கணினியின் முகத்தைப் பார்க்கவே செலவிட வைத்தால், ஏடு தேறும், தாய் தேறமாட்டாள். காலியாகிற இடத்தை நிரப்பாமல், பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார் என்று ஒருத்தியின் தலையிலேயே கட்டினால், ஐயாயிரம் பத்தாயிரமாகும். பத்தாயிரம் பேரை அவள் அறிவது எப்படி? மறுபடியும் முப்பத்தாறு அங்குலச் சட்டைதான்.

"பிரசவம் பெண்டுகள் சமாச்சாரம், நமக்கென்ன" என்று ஆலை வாசலிலும் டீக்கடையிலும் பேசிக்கொள்கிறோமே, அதை விட்டொழிப்போம். மனைவியின் மகப்பேற்று அட்டையை ஒரு முறையாவது கையில் எடுத்துப் படித்திருக்கிறோமா? அவள் இரத்தம் என்ன வகை என்று தெரியுமா? தலைவர் பிறந்தநாளுக்கு இரத்ததானம் செய்கிறோம், படம் எடுக்கிறோம். நம் ஊரில் இந்த மாதம் பேறுகாலம் யாருக்கு, அவளுக்கு ஒத்த இரத்தம் உடையவர் யார் என்று கிளைச் செயலாளர் ஒரு தாளிலே எழுதிச் செவிலியரிடம் கொடுத்துவைத்தால், அந்தத் தானம் படத்தோடு நிற்காது.

மே நாளன்று நமக்கு விடுமுறை. ஊராட்சிகளிலே கிராமசபையும் அன்றுதான் கூடும். கொடியேற்றிவிட்டு அப்படியே அங்கே போங்கள். சாலை, குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடியட்டும். பிறகு எழுந்து கேளுங்கள். நம் துணை சுகாதார நிலையத்துக்குச் செவிலியர் உண்டா, பக்கத்து ஊர்க்காரர் கூடுதலாகப் பார்க்கிறாரா? இந்த ஊரிலே ஆபத்துள்ள கர்ப்பிணி எத்தனை பேர். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அவர்களை இரவிலே அழைத்துப்போவது எங்கே, அரியலூருக்கா, தஞ்சைக்கா, திருச்சிக்கா? அங்கன்வாடியிலே குழந்தையை நிறுக்கிற தராசு வேலை செய்கிறதா, இல்லை, போன மாத எடையைப் பார்த்தே இந்த மாத எடையையும் எழுதுகிறார்களா?